மாட்டுக்கொட்டகையில் ஒரு மரப்பட்டறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் 10 அடிக்கு 14 அடியில் ஒரு மாட்டுக்கொட்டகை இருந்தது. மாடுகளை விற்ற பிறகு அதில் விறகும் பழைய சைக்கிளும் கிடந்தன. ஒன்பது வருடத்துக்கு முன் அதை ஒழித்து மரவேலைக்கு எடுத்துக்கொண்டேன். பிழைப்பு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுவது. மரத்துக்கு மாலையும் ஞாயிறும்தான். ரம்பச் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பவர்கள், சொந்தக்காரர்கள், கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஆளாளுக்கு டீ கொடுத்துப் பதில் சொல்லி மாளவில்லை. எழுதி வைத்துவிட்டேன்.

நீங்க ஆசாரி குடும்பமா? மத்தவங்களுக்கு இது வருமா?

இல்லை. வரும். பரம்பரையாகச் செய்கிறவர் ஒரு நாளில் முடிக்கும் கதவை நான் மூன்று வாரம் செய்வேன், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் தெருவில் எழுபது வயது தாண்டிய ஆசாரி ஒருவர் இருக்கிறார். ஆரம்பத்தில் திண்ணையில் உட்கார்ந்து நான் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, "ஏம்பா, உளியத் தீட்டாம மரத்தைத் திட்டுறியே" என்றார். எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. கீழே வரும் பதில்களில் நல்லதாக இருப்பதில் பாதி அவர் சொன்னது.

எவ்வளவு இடம் வேணும்? மொட்டை மாடியில போடலாமா?

கணக்கு எளிது. மரக்கடையில் கிடைக்கும் பலகை பெரும்பாலும் 7 அடி, 8 அடி. அதை எதிலும் இடிக்காமல் திருப்ப முடிந்தால் அது பட்டறை. என் 10க்கு 14 எனக்குப் போதும். கார் நிறுத்தும் இடத்தில், காரை வெளியே விட்டுவிட்டுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் சரியே.

மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட கொட்டகை மட்டும் வேண்டாம் என்பேன். ஏப்ரல், மே வெயிலில் ஷீட்டுக்கு அடியில் மனிதனும் நிற்க முடியாது, பலகையும் நேராக நிற்காது. ஒரு பக்கம் காய்ந்து ஓடு மாதிரி வளைந்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் ஷீட்டுக்குக் கீழே தென்னங்கீற்று கட்டுங்கள்.

கொட்டகையின் மண் தரையை நான் சிமென்ட் போடாமல் விட்டிருக்கிறேன். பார்க்கிற எல்லோரும் கேட்கிறார்கள். கை தவறி விழும் உளி மண்ணில் விழுந்தால் துடைத்து எடுத்துக்கொள்ளலாம். சிமென்டில் விழுந்தால் முனை போய்விடும், அரை மணி நேரம் தீட்ட உட்கார வேண்டும்.

கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கு. முதல்ல எந்த மெஷின் வாங்கட்டும்?

எதையும் வாங்காதீர்கள். நான் முதல் வருடம் மார்பிள் கட்டர் வாங்கி அதில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டினேன். அது இன்றைக்கும் அலமாரி மேல் இருக்கிறது. அறுத்தது கோணல், பறந்த தூள் வீடு முழுக்க, காது ஒரு வாரம் இரைந்தது.

கைக்கருவியில் தொடங்குங்கள். ஒரு கைரம்பம், பல் நன்றாக இருப்பது. கால், அரை, ஒரு இன்ச் என்று மூன்று உளி. பலகையைச் சீவிச் சமமாக்க இரும்பு இழைப்புளி ஒன்று, நம்பர் 4 என்று கேட்டால் கொடுப்பார்கள். செங்கோணம் பார்க்க மூலைமட்டம். இரும்பு அளவுகோல். நான்கு கிளாம்ப், முடிந்தால் ஆறு. எத்தனை வாங்கினாலும் இரண்டு குறையும். பென்சிலை விட ஒரு கூரான கத்திமுனையால் கோடு போடப் பழகுங்கள், ரம்பம் அந்தக் கோட்டில் தானாக உட்காரும். இவ்வளவுக்கும் பத்தாயிரம் முழுதாகச் செலவாகாது. மீதியை மரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிக்க வேண்டும். நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு இழுங்கள். மட்டத்தை மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் வாங்கலாம். விரிந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழகின பிறகு மெஷின் வாங்கும் வரிசையும் கேட்பார்கள். முதலில் டிரில். அப்புறம் வட்ட ரம்பம். அப்புறம் உப்புத்தாள் மெஷின், ஏனென்றால் தேய்ப்பதில் ஒரு சந்தோஷமும் இல்லை. மேசைக்கு நடுவில் வட்ட ரம்பம் எழுந்து நிற்கும் டேபிள் சா கடைசி. எனக்கு அது ஏழாவது வருடத்தில்தான் வந்தது.

உளி தீட்டுவது எப்படி? சாணைக்காரரிடம் கொடுத்தால் போதாதா?

போதாது. சாணைச் சக்கரத்தில் கருவி சூடேறி முனை நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நீலம் போகும் வரை தேய்த்து எறிய வேண்டியதுதான். அதோடு, நல்ல வேலை ஓடும் நாளில் உளியை மூன்று நான்கு முறை தீட்ட வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் சாணைக்காரருக்கு எங்கே போவது?

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு யோகம் உண்டு. தீட்டுவதற்கு வேண்டியது துளியும் மேடுபள்ளம் இல்லாத ஒரு தளம். வெளியூர்க்காரர்கள் அதற்காகக் கண்ணாடியும் விலை அதிகமான கல்லும் தேடுவார்கள். கிருஷ்ணகிரி, பர்கூர் சுற்றுவட்டாரத்தில் கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் உடைந்த துண்டு குவிந்து கிடக்கிறது. ஒரு அடிக்கு அரை அடி இருந்தால் போதும், பாலிஷ் போட்ட முகம் நன்றாக இருக்க வேண்டும். கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். என்னிடம் இருப்பது சமையல் மேடை போட்டபோது மிஞ்சின கறுப்புத் துண்டு.

அதன் மேல் தண்ணீர் தெளித்து, நீரில் நனைக்கும் வகை உப்புத்தாளை ஒட்ட வையுங்கள். முதலில் உளியின் பின்புறம். அது முழுச் சமமாகும் வரை 220, 400, 800, 1000 என்று தேய்க்க வேண்டும். புது உளிக்கு இதுதான் நேரம் பிடிக்கும், ஒரு தடவை செய்தால் போதும். பிறகு சரிவுப் பக்கம். 25 டிகிரி சரிவு, முனையில் மட்டும் 30 டிகிரியில் ஒரு மெல்லிய கோடு. பின்பக்கம் விரலை முனைக்கு வெளியே இழுத்துப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். பிசிறு முனை முழுக்க வந்தால்தான் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். வராமலே தாளை மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நானும் ஒரு வருடம் செய்தேன். 2000 தாளில் முடித்து, கடைசியாக ஒரு பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, உலோகப் பாலிஷ் தடவி, நாவிதர் கத்தி தீட்டுவது போல முனையைப் பின்னே விட்டு இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

சோதிக்க முழங்கை மயிரைச் சிரைத்துக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு பைன் மரத்தைக் குறுக்கே அறுத்த வெட்டுமுகம்தான் சோதனை. மெத்தென்ற மரம் என்பதால் மழுங்கின உளி அதை நசுக்கிப் பிய்க்கும். கூரான உளி வெண்ணெய் வழித்தது போலப் பளபளப்பாகச் சீவும். அந்தச் சத்தமே வேறு.

ஆயுத பூஜைக்கு மட்டும் கருவியைத் துடைத்துப் பொட்டு வைக்கிறவர்கள் நிறைய. மற்ற நாளில் தீட்டினால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பெஞ்ச் எந்த அளவில் செய்வது?

5 அடி நீளம், 22 அங்குல அகலம், கால்கள் 3க்கு 3 அங்குலம். உயரத்துக்கு அளவுநாடா வேண்டாம்: நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே இருக்கிறதோ அதுதான். இழைக்கும்போது முழு உடம்பும் வேலை செய்யும், தோள் வலிக்காது. மேற்பலகை இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெஞ்ச் கனமாக இருக்க வேண்டும். லேசானது இழைக்க இழைக்க நம்மோடு நடந்து வரும். என் பெஞ்ச் கால்கள் இடித்த வீட்டின் உத்தரம். இடது முன் மூலையில் பலகையைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ். வேறு எதுவும் இல்லை.

மரம் எங்கே வாங்குவது? தேக்குதான் வேணுமா?

தேக்கில் பழகுவது பட்டுப்புடவையில் தையல் பழகுவது மாதிரி. அதிலும் இப்போது கிடைக்கும் இளந்தேக்கில் பாதி பட்டையை ஒட்டிய வெள்ளைதான், வைரம் என்கிற கெட்டியான உள்மரம் நடுவில் கொஞ்சம். நம்மைச் சுற்றி வேறு நிறைய இருக்கிறது.

மாமரம். காய்ப்பு நின்ற தோப்புகளை வெட்டி மறுநடவு செய்யும்போது அடிமரங்கள் சாமில்லுக்கு வருகின்றன. பெரும்பாலும் பெட்டி அடிக்கவும் ஷட்டரிங் பலகைக்கும் போகிறது. பாவம், அதற்கு அதைவிட நல்ல தகுதி உண்டு. இழைத்தால் பொன்னிறம், சிலதில் கறுப்பு வரிகள் ஓடும். ஆனால் பூச்சிக்கு ரொம்பப் பிடித்த மரம், அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். மாம்பாலில் கை அரிக்கிறவர்கள் பச்சை மாம்பலகையைத் தொடும்போதும் கவனமாக இருங்கள்.

புளி. சாலையோரத்துப் புளியமரம் எல்லோருக்கும் தெரியும், அதன் வைரம் எத்தனை பேருக்குத் தெரியும்? கறிக்கடையில் வெட்டுக்கட்டையாக வருடக்கணக்கில் கத்தி வாங்கிக்கொண்டு கிடப்பது அதுதான். உளியை அடிக்கும் மரச்சுத்தியலான கொட்டாப்புளிக்கு அதைவிட நல்ல மரம் இல்லை. பலகையாக இழைக்க நினைக்காதீர்கள், இழைப்புளி அழும்.

வேம்பு: துணிப்பெட்டி, தானியப்பெட்டி. வாகை: மேசைக்கு நல்ல கருஞ்சிவப்பு வைரம், ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் அன்றைக்குத் தும்மலோடுதான் தூக்கம். சில்வர் ஓக்கும் மலைவேம்பும் லேசானவை. அலமாரி உள்தட்டுக்குப் போதும். யூக்கலிப்டஸ் முறுக்கிக்கொள்ளும், ஓசியில் கொடுத்தாலும் அடுப்புக்குத்தான்.

இடித்த வீட்டு மரம் எனக்குப் பிடித்தது. ஐம்பது அறுபது வருடம் கூரைக்கடியில் காய்ந்தது இனி வளைய என்ன இருக்கிறது? உள்ளே ஒளிந்திருக்கும் ஆணிதான் ஆபத்து. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டிப் பலகை மேல் நகர்த்துங்கள், ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும்.

ஓசூர் சிப்காட் பக்கம் பழைய சாமான் கடைகளில் இறக்குமதிச் சரக்கு வந்த பைன் பெட்டிகள், பேலட்டுகள் கிடைக்கும். வாங்கும் முன் முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. மரத்தின் நடுப்பகுதியே 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, விட்டுவிடுங்கள். எண்ணெய்க்கறை, ரசாயன வாடை உள்ளதும் வேண்டாம். முதல் வருடம் முழுக்க இந்தப் பைனில் பழகினால் கெடுத்தாலும் மனசு வலிக்காது.

சந்தனம் பற்றிக் கேட்காதீர்கள். சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்திருந்தாலும் வனத்துறை வழியாகத்தான் வெட்டவும் விற்கவும் முடியும். 1992 ஜூனில் சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி அதிகாரிகள் நுழைந்து மக்களைக் கொடுமைப்படுத்திய வாச்சாத்தி கிராமம், அரூர் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மரத்தின் பெயரைச் சொன்னாலே இங்கே பெரியவர்கள் முகம் மாறும்.

சாமில்லில் கன அடி கணக்கு புரியவில்லை. ஏமாற்றுகிறார்களா?

அறுத்த பலகைக்கு: கனம் அங்குலத்தில், அகலம் அங்குலத்தில், நீளம் அடியில் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். ஒன்றரை அங்குலக் கனம், 9 அங்குல அகலம், 8 அடி நீளம் என்றால் 108. வகுத்தால் முக்கால் கன அடி.

உருட்டு மரத்துக்குச் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 8 அடி என்றால் 12க்கு 12க்கு 8, வகுத்தல் 144: 8 கன அடி. உருளையின் உண்மையான கன அளவில் இது ஏறக்குறைய 78 சதவீதம்தான். வாங்குகிறவருக்கு லாபம் என்று துள்ள வேண்டாம். பட்டையும் அறுப்புத் தூளும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும்.

ஆசாரிகள் 'நூல்' என்று சொல்வது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "ரெண்டு நூல் கம்மி பண்ணு" என்றால் கால் அங்குலம். இது தெரியாமல் நான் ஒரு தடவை நிஜமாகவே நூல் எடுத்து வந்து கொடுத்திருக்கிறேன்.

எங்க தோப்பு மாமரம் ஒண்ணு வெட்டப் போறோம். பலகையாக்கி வெச்சுக்கலாமா?

தாராளமாக. ஆனால் வெட்டின மரத்தைத் தோப்பில் போட்டுவிட்டு "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றால் அடுத்த மாதம் பார்க்க நீலக்கறையும் ஓட்டையும்தான் இருக்கும். ஒரு வாரத்துக்குள் சாமில்லுக்குப் போய்விட வேண்டும். வெட்டின அன்றே இரண்டு முனைகளிலும் பழைய பெயின்ட்டை அடித்துவிடுங்கள். ஈரம் முனை வழியாக வேகமாக ஓடும், அதனால்தான் முனை வெடிக்கிறது.

அறுத்து வந்த பலகையைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரே கனமுள்ள குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து அடுக்க வேண்டும். மேல் வரிசைக் குச்சி கீழ் வரிசைக் குச்சிக்கு நேர் மேலே வர வேண்டும்; தப்பினால் பலகை அலை அலையாகக் காயும். உச்சியில் கல் பாரம். மேலே மட்டும் மூடுங்கள், பக்கம் காற்றாட இருக்கட்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. தருமபுரிக் காற்றில் சில சமயம் அதற்கு முன்பே காய்ந்துவிடும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் குளிரில் அவசரப்படாதீர்கள்.

உளுப்பதற்குக் காரணம் மரத்தின் வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்து. அதைத் தின்னத்தான் அந்தச் சின்ன வண்டு முட்டையிடுகிறது. குண்டூசித் தலை அளவு ஓட்டை, கீழே மாவு மாதிரித் தூள் என்றால் அதன் வேலை. பலகை பச்சையாக இருக்கும்போதே 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து இரண்டு மூன்று பூச்சு அடித்து, தார்ப்பாயில் மூடி இரண்டு வாரம் வைத்தால் மருந்து உள்ளே இறங்கும். பிறகு அடுக்கிக் காயவிடலாம். மழையில் நனைந்தால் கரைந்து போய்விடும், அதனால் வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு மட்டும்தான் இது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

நல்லா காய்ந்த பலகையில் செய்த டேபிள், கோடையில் நடுவில் வெடித்துவிட்டது. ஏன்?

என் முதல் டீப்பாயும் அப்படித்தான் போனது. நான்கு மாம்பலகையை ஒட்டி மேற்பலகை செய்து, கீழே சட்டத்தில் சுற்றிலும் பன்னிரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். கார்த்திகையில் செய்தது. பங்குனியில் ஒரு மத்தியானம் படார் என்று சத்தம். பூனை ஏதோ தள்ளிவிட்டது என்று நினைத்தேன். விரல் நுழையும் அளவுக்குப் பிளவு.

மரம் செத்த பிறகும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். நீளவாட்டில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அகலவாட்டில்தான் எல்லாம். அதிலும் வருட வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டடி அகல மேசை பருவத்துக்குப் பருவம் இரண்டு நூல் அசைவது சாதாரணம். அது அசையட்டும் என்று விட வேண்டும். நான் கட்டிப் போட்டேன், அது பிய்த்துக்கொண்டது.

வழி இதுதான்: சட்டத்தில் ஸ்க்ரூ ஓட்டையை வட்டமாகப் போடாமல் பலகையின் அகலத் திசையில் நீட்டமாகப் போடுங்கள். நடுவில் ஒன்று மட்டும் இறுக்கம், மற்றவை நழுவ இடம். பழைய வீட்டுக் கதவில் நடுப்பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் ஒட்டாமல் சும்மா செருகியிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அதே காரணம்தான். டீப்பாய் இப்போது இரண்டு பெஞ்சாக இருக்கிறது.

முதலில் என்ன செய்து பழகுவது?

கொட்டாப்புளி. புளியங்கட்டையில் தலை, கைப்பிடிக்கு எது கிடைத்தாலும். செய்து முடித்தால் அடுத்த வேலைக்கு அதுவே கருவி. தலையில் துளையை மேல்பக்கம் கொஞ்சம் அகலமாக வெட்டி, கைப்பிடியை மேலிருந்து நுழைத்தால் வீசும்போது கழலவே கழலாது.

அடுத்தது மணை. ஒற்றைப் பலகை, அடியில் இரண்டு குறுக்குக்கட்டை. பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் ஒரு பலகையைச் சமமாக இழைக்கத் தெரியாமல் மணை செய்ய முடியாது. தரையில் வைத்துத் தட்டினால் டக்டக் என்று ஆடினால் திரும்ப இழைக்க வேண்டும். நாருக்கு எதிராக இழைத்தால் பிய்க்கும். பூனையைத் தடவும் திசை மாதிரி மரத்துக்கும் திசை உண்டு.

மூன்றாவது முக்காலி. நாற்காலியில் தொடங்காதீர்கள். நாலு கால் மேடுபள்ளத்தில் ஆடும், மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. மேலே ஒன்றரை அங்குலப் பலகையில் ஒரு அங்குலத் துளை மூன்று, கொஞ்சம் வெளிச்சாய்வாக. காலின் தலையில் துளைக்குள் நுழையும் அளவுக்கு உருண்டை முனை, அதாவது கழுந்து, சீவி நுழைத்து, மேலே வரும் முனையைப் பிளந்து ஆப்பு அடிக்க வேண்டும். ஆப்பு மேற்பலகையின் நாருக்குக் குறுக்காக நிற்க வேண்டும். நாரோடு சேர்ந்து அடித்தால் உட்காரும் பலகையே இரண்டாகும். ஆசாரி சொன்ன ரகசியம் ஒன்று: கால் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும், மேற்பலகையில் சற்று ஈரம் இருக்கட்டும். பலகை காயக் காயத் துளை காலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அவர் செய்த முக்காலி எங்கள் தெரு டீக்கடையில் முப்பது வருடமாக இருக்கிறது. அதில் பசையே இல்லை.

அப்புறம் அரிவாள்மனைக் கட்டை, அஞ்சறைப்பெட்டி, பல்லாங்குழி என்று போகலாம். பல்லாங்குழியில் 14 குழியும் ஒரே ஆழத்தில் வருவதுதான் சோதனை. என்னுடையதில் ஒன்பதாவது குழி பாதாளம்.

ஆணி, ஸ்க்ரூ, பசை — எது நல்லது?

பொருத்து சரியாக இருந்தால் ஃபெவிகால் போதும். இரவு முழுக்கக் கிளாம்பில் விடுங்கள். தண்ணீர் படும் இடத்துக்கு மரைன் வகை. நம் ஊர்க் கோடையில் பசை மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் பசையில்லாமல் ஒரு முறை முழுதாகப் பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

கரண்ட் எப்படி? தோட்டத்து மோட்டார் லைனில் இருந்து எடுத்துக்கலாமா?

கூடாது. விவசாயத்துக்கு என்று கொடுத்த இலவச இணைப்பில் ரம்பம் ஓட்டினால் அது விதிமீறல். வீட்டு இணைப்பிலிருந்து தனி வயர் இழுங்கள். 1400 வாட் ரம்பம் 230 வோல்டில் 6 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். சின்ன 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டாமல் 15 ஆம்பியர் பாயின்ட் போடச் சொல்லுங்கள். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். எர்த் கட்டாயம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்று வையுங்கள். மண் தரை, மழைக்காலம், வெறுங்கால்: இந்த மூன்றும் சேரும் இடத்தில் அது இல்லாமல் மெஷின் ஓட்டக் கூடாது.

இரும்பு தேய்க்கும் கை கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்களே?

அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் ஒருவரின் கட்டைவிரலை நான் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். கல்லையும் இரும்பையும் தேய்க்க அது சரி. பல்லுள்ள பிளேடு மரத்தில் ஒரு தடவை கடித்துக்கொண்டால் மெஷின் மொத்தமும் முகத்துக்கு எகிறும். வேண்டாம், எந்தச் சூழ்நிலையிலும்.

டேபிள் சாவில் ஆபத்து வேறு மாதிரி. அறுத்த பிளவு மூடிக்கொண்டு பிளேடின் பின்பக்கப் பல்லைப் பிடித்தால், அந்தப் பல் மேல்நோக்கி எழுவதால் பலகையைத் தூக்கி நம் மேலேயே எறியும். பிளேடுக்குப் பின்னால் பிளவைத் திறந்து வைக்க ஒரு தகடு இருக்க வேண்டும். உள்ளூரில் வெல்டிங் வைத்துச் செய்து தரும் மேசைகள் பலவற்றில் அது இருப்பதில்லை. நான் முதலில் ஓட்டிப் பார்த்த மேசையிலும் இல்லை. இரண்டடிப் பலகை வயிற்றில் அடித்தது. பத்து நாள் குனிய முடியவில்லை. இப்போது பிளேடின் நேர்கோட்டில் நிற்கவே மாட்டேன், ஒரு பக்கம் தள்ளி நிற்பேன். கடைசி ஆறு அங்குலத்தைக் கையால் தள்ளாமல் குச்சியால் தள்ளுவேன்.

சுற்றும் மெஷின் பக்கத்தில் கையுறை வேண்டாம். லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி எதுவும் வேண்டாம். கண்ணாடி போடுங்கள். மெல்லிய தூள்தான் நுரையீரலுக்குப் போகிறது, அதனால் என்.95 முகமூடி, மரத்தூள் நாள்பட்டால் மூக்கில் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது. துண்டால் மூக்கைக் கட்டுவது நமக்கே நாம் சொல்லிக்கொள்ளும் பொய்.

பாலிஷ் எது போடுவது?

சமையலறைச் சாமானுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கித் தடவுங்கள். தேங்காயெண்ணெய் கொஞ்ச நாளில் சிக்கடிக்கும். மேசை, முக்காலிக்கு பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் எனக்குப் பிடிக்கும். மெல்லிசாக மூன்று பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி. பெட்டிகளுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. பத்து நிமிடத்தில் காயும், பளபளப்பு முகம் பார்க்கலாம், ஆனால் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானாகச் சூடேறும். சுருட்டி வைத்தால் சூடு வெளியேற முடியாமல் யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். மரச்சுருள் நிறைந்த கொட்டகையில் இதைவிட ஆபத்து வேறில்லை. வெளியே கொடியில் விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

பிள்ளைகளுக்குக் கற்றுத் தரலாமா?

என் மகளுக்கு ஒன்பது வயதில் முதலில் கொடுத்தது உப்புத்தாளும் சின்ன இழைப்புளியும். உளி கொடுத்தபோது ஒரே ஒரு விதி: வெட்டும் முனைக்கு முன்னால் எந்த விரலும் இருக்கக் கூடாது, இரண்டு கையும் பின்னால். மெஷினைத் தொட இன்னும் அனுமதி இல்லை. இழைப்புளியிலிருந்து வரும் சுருளைக் கம்மலாக மாட்டிக்கொண்டு திரிகிறாள்.

அண்ணா, எங்களுக்கு ஒரு முக்காலி செஞ்சு தர முடியுமா? காசு கொடுத்துடறோம்.

முடியாது. காசு வாங்கினால் தேதி கேட்பீர்கள். மே முதல் தொழிற்சாலையில் மாம்பழ சீசன், அந்த மாதங்களில் கொட்டகையைத் திறப்பதே இல்லை. லாரிகள் வருவது நின்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை அங்குலப் பலகையோடு வாருங்கள், காலுக்கு வேண்டிய கட்டை என்னிடம் இருக்கிறது. துளை நான் போட்டுத் தருகிறேன், கழுந்து நீங்கள் சீவுங்கள். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.